கட்டி வார்ப்பது யார்?

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், கையால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. அரசு ஐஐடி மெட்ராஸை ஆய்வுக்கு அழைத்தது அதன் பிறகுதான். அதாவது, மக்கள் குடிவந்த பின். வெளியார் சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. எப்போது, யார் செலவில் என்பதுதான் கேள்வி. கான்கிரீட்டின் வலிமைச் சோதனையையே எடுத்துக்கொள்வோம்: கலவையில் 150 மி.மீ. கனசதுரக் கட்டி வார்த்து, தண்ணீரில் போட்டு, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். ஒப்பந்ததாரரின் ஆளே தனியாக நல்ல கலவை போட்டுக் கட்டி வார்த்து அனுப்பினால், எவ்வளவு நேர்மையான ஆய்வகமும் ‘பாஸ்’ என்றுதான் எழுதும். ஆய்வகக் கட்டணமும் ஒப்பந்ததாரர் கையிலிருந்தே போனால் கேட்கவே வேண்டாம். மாதிரி எடுப்பவரை, வேலையைக் கொடுக்கும் அரசுத் துறையே நேரடியாக அமர்த்தட்டும். அவர் சொல்லாமல் வந்து, எந்த லாரிக் கலவை என்பதைத் தானே முடிவு செய்யட்டும்.