குண்டுக்குக் கணக்கு இருக்கு... குண்டு போன இடத்துக்கு?

என்.சி.சி.யில் இருந்த மக்களுக்குத் தெரியும். கேம்ப்பில் மத்த நாளெல்லாம் லேட்டா எழுந்து திட்டு வாங்குறவன்கூட, ஃபயரிங் அன்னிக்கு மட்டும் விடியறதுக்கு முன்னாடியே ஷூவுக்கு பாலிஷ் போட்டு நிப்பான். பாயின்ட் டூ டூ ரைஃபிள். ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. நான் சுட்ட அஞ்சில் மூணு, பக்கத்துல படுத்திருந்தவனோட டார்கெட்டுல போய் விழுந்துச்சு. மீதி ரெண்டு எங்கேயுமே விழலை!

சுட்டு முடிச்சதும் ஹவில்தார் வந்து கையை நீட்டினார். காலி தோட்டாக்களை எண்ணினார். நாலுதான் இருந்துச்சு. அவ்வளவுதான், மொத்த வரிசையும் குப்புறப் படுத்து புல்லைக் கிளற ஆரம்பிச்சோம். "இது கவர்மென்ட் சொத்து தம்பி. ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் எழுதிக் கொடுக்கணும்" என்றார். அரை மணி நேரம் கழிச்சு, அது என் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

டார்கெட்டைத் தாண்டிப் போன அந்த ரெண்டு குண்டு எங்கே போச்சுன்னு அவரும் கேட்கலை, நானும் யோசிக்கலை. யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பின்னாடி பெரிய மண்மேடு. பக்கத்துல சிவப்புக் கொடி. சுற்றிலும் ஆள் நடமாட்டமே கிடையாது.

எனக்கு அந்த மண்மேட்டோட மதிப்பு புரிஞ்சது 2021 டிசம்பர் 30-ஆம் தேதிதான்.

நார்த்தாமலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வர்றவங்களுக்கு ஜன்னலிலேயே மலை தெரியும். மேலே விஜயாலய சோழீஸ்வரம். பைக் எடுத்துட்டுப் போய் மொட்டைப் பாறையில உட்கார்ந்து அரட்டை அடிக்காத புதுக்கோட்டை காலேஜ் பசங்க கம்மி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். அன்னிக்குக் காலையில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர்கள் அங்கே பயிற்சியில் இருந்தாங்க. சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் ஒரு பையன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வயசு 11. குண்டு தலையில் பாய்ந்தது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனை, அங்கிருந்து தஞ்சாவூர், ஆபரேஷன்... 2022 ஜனவரி 3-ஆம் தேதி இறந்துட்டான்.

ஊர் மக்கள் ரோட்டில் உட்கார்ந்தாங்க. தளத்தில் சுடுவதை நிறுத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம்னு அரசு அறிவிச்சது.

இப்போ கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

"நான் ஸ்டூடன்ட் பாஸ், நான் எங்கே டாக்ஸ் கட்டுறேன்?"னு சொல்லாதீங்க. 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்றீங்களே, அதில் 45 ரூபாய்க்கு மேல ஜி.எஸ்.டி. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. அந்த மாதிரி சில்லறை சேர்ந்து சேர்ந்துதான் படைக்குச் சம்பளம், துப்பாக்கி, தோட்டா எல்லாமே. அன்னிக்குப் பாய்ஞ்ச குண்டும் நம்ம காசு. அதை எடுத்த அரசு ஆஸ்பத்திரியும் நம்ம காசு. நிவாரணமும் பொதுப் பணம்தான். கணக்கில் எல்லாமே வந்துடுச்சு, அந்தப் பையனைத் தவிர.

இதுக்கு நடுவுல, துப்பாக்கின்னு பேச்சு வந்தாலே நம்ம டீக்கடை பெஞ்ச் நேரா அமெரிக்காவுக்குப் போயிடும். "அங்கே அது அடிப்படை உரிமை மாப்ள, 1791-லேயே அரசியல் சட்டத்துல எழுதிட்டான்" என்பான் ஒருத்தன். "அதான் ஸ்கூல்லயே சுட்டுக்கிறானுங்க" என்பான் இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சண்டை நம்ம நாட்டிலும் நடந்திருக்கு!

1878-இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தான். இந்தியன் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வேணும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். அந்த அவமானம் நம்ம தலைவர்களுக்கு ரொம்ப நாள் உறுத்துச்சு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தாங்க. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாக்கணும்னு திருத்தம் கொண்டு வந்தார். சபை ஏத்துக்கலை. அதனால நம்ம நாட்டில் துப்பாக்கி உரிமை கிடையாது, லைசென்ஸ் மட்டும்தான்.

அந்த லைசென்ஸும் சும்மா கிடைக்காது. 1959 ஆயுதச் சட்டப்படி போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் ஃபைல், வாங்குற தோட்டாவுக்குப் பதிவு. எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ஒருத்தர் மூணு துப்பாக்கி வரை வெச்சுக்கலாம்னு இருந்ததை 2019-இல் ஒண்ணாகக் குறைக்கப் பார்த்தாங்க. எம்.பி.க்கள் எதிர்ப்புத் தெரிவிச்சதும் ரெண்டுன்னு முடிஞ்சது.

எனக்கு இதில் எந்தப் புகாரும் இல்லை. தனி ஆள் கையில் இருக்கிற துப்பாக்கிக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவைதான். ஆனா நார்த்தாமலையில் பாய்ஞ்சது தனி ஆளோட துப்பாக்கிக் குண்டு இல்லையே! அது பயிற்சித் தளத்தில் இருந்து வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடுன்னா மக்களைக் கட்டுப்படுத்துறது மட்டும்தானா?

ரைஃபிளில் குறி பார்த்து அடிக்கிற தூரம் வேற, குண்டு போய் விழுற தூரம் வேற. குறி சில நூறு மீட்டர்தான். குண்டு 2 கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். இது சுடுறவங்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதனாலதான் தளத்துக்குப் பின்னாடி மண்மேடு, மலை, ஆள் இல்லாத இடம் எல்லாம் கேட்கிறாங்க. தளம் அப்படியே இருக்கும். சுத்தி வீடு வரும், ஊர் வளரும். அப்போ மறுபடி யாராவது போய் அளந்து பார்க்கணும் இல்லையா? அந்த வேலைக்கும் பணம் வேணும். அதுவும் நம்ம வரிப் பணத்தில்தான் வரணும்.

வரிப் பணத்தை எதில் போடுறாங்க என்பதே ஒரு அரசியல்தான். 1996-இல் ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர்ங்கிற ஊரில் ஒருத்தன் 35 பேரைச் சுட்டுக் கொன்னான். அந்த நாடு சட்டத்தை இறுக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து காசு கொடுத்துத் திரும்ப வாங்குச்சு. அந்தக் காசுக்காக மருத்துவ வரியை ஒரு வருஷம் 0.2 சதவிகிதம் கூட்டினாங்க. அதே 1996-இல் அமெரிக்கா நேர் எதிர். துப்பாக்கிச் சாவுகளை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த அரசு நோய்த் தடுப்பு மையத்திடம், 'இந்தப் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது'ன்னு நாடாளுமன்றம் விதி போட்டது. அந்த ஆராய்ச்சிக்குச் செலவான 26 லட்சம் டாலரையும் வெட்டுச்சு. மறுபடி அந்த ஆராய்ச்சிக்குன்னு தனியாப் பணம் ஒதுக்க 2019 டிசம்பர் ஆச்சு. இருபது வருஷத்துக்கு மேல கேள்வி கேட்கக்கூட காசு இல்லை!

நம்ம நிலைமை அவ்வளவு மோசம் இல்லை மக்களே. நமக்குக் கேள்வி கேட்க 10 ரூபாய் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை மாதிரி அமைப்புகளுக்கு 24-வது பிரிவில் விலக்கு இருக்கு. ஆனா மனித உரிமை மீறல், ஊழல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது. கலெக்டர் ஆபீஸைத் தாராளமாக் கேட்கலாம்.

என்ன கேட்கலாம்? எங்க மாவட்டத்தில் சுடும் தளங்கள் எத்தனை? பக்கத்து வீடு எவ்வளவு தூரம்? கடைசியா பாதுகாப்பை எப்போ சோதிச்சீங்க, அந்த அறிக்கையோட நகல் கொடுங்க. இவ்வளவுதான். பதில் 30 நாளில் வரணும். வந்ததும் அதைக் கிராம சபையில் வாசிங்க. 18 வயசு ஆகி, ஓட்டர் லிஸ்ட்டில் பேர் இருந்தால் அங்கே உங்களுக்கும் இடம் உண்டு.

இது போலீஸுக்கோ படைக்கோ எதிரான பேச்சு இல்லை. பயிற்சி இல்லாத வீரன் இன்னும் ஆபத்து. உங்க வகுப்பிலேயே எஸ்.ஐ. தேர்வுக்கும் மத்தியப் படைக்கும் தயாராகிறவங்க இருப்பாங்க. நாளைக்கு அந்தத் தளத்தில் படுத்துச் சுடப் போறது நீங்களாக்கூட இருக்கலாம். தான் சுட்ட குண்டு எங்கே போச்சோன்னு பயந்துகிட்டே ஒரு வீரனும் தூங்கக் கூடாது.

அந்த ஹவில்தார் சொன்னது சரிதான். ஒரு காலி தோட்டா குறைஞ்சாலும் யாராவது எழுதிக் கொடுக்கணும். ஒரு பையன் குறைஞ்சா?

அடுத்த வாரம் பார்ப்போம்!