பழைய கம்ப்யூட்டருக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்?

1982-இல் விற்பனைக்கு வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை இன்றும் ஆசையாகப் பாதுகாப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதன் மெமரி வெறும் 64 கிலோபைட். உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட அதில் அடங்காது. இதற்குமா மாற்று ஆபரேட்டிங் சிஸ்டம் என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த மெஷினின் ஸ்விட்சைப் போட்டால் முதலில் வருவது பேசிக். அது ரோம் சிப்பிலேயே பதிந்திருப்பதால் சில நொடிகளில் தயாராகிவிடும். 1986-இல் வந்த ஜியோஸ், இதே மெஷினில் ஐகான், மெனு, பல வகை எழுத்துருக்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. சுவீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ் 2003-இல் வெளியிட்ட கான்டிகி, நெட்வொர்க் கார்டு பொருத்தினால் எளிய வெப் பக்கங்களையும் காட்டியது.

அழகாக இருக்கிறதே என்று உடனே ஜியோஸ் பக்கம் சாய்வது சரியல்ல என்பது என் கருத்து. 64 கிலோபைட் போதாமல் அது அடிக்கடி பிளாப்பியைத் தேடிப் போகும். பிளாப்பி டிரைவோ மிக மெதுவானது. கூடுதல் மெமரி கார்ட்ரிட்ஜ் இருந்தால்தான் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். இந்த மெஷினுக்குப் புகழ் சேர்த்த கேம்களும் ஜியோஸுக்குள் இயங்காது. அவை மெஷின் முழுவதையும் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்பவை.

எனவே முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். கேம் விளையாடவா? இருக்கும் பேசிக்கே போதும். கடிதம் எழுதவும் படம் வரையவுமா? கூடுதல் மெமரியுடன் ஜியோஸ் நல்லது. நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசையா? கான்டிகியைப் போட்டுப் பாருங்கள். பிராசஸரையும் கவனிக்க வேண்டும். சிம்ப்ஓஎஸ் என்ற அருமையான சிஸ்டம் இசட்80 பிராசஸருக்காக எழுதப்பட்டது. 128 கிலோபைட் உள்ள ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128-இல் அது ஓடும். கமடோர் 64-இன் பிராசஸர் வேறு என்பதால் இதில் ஓடாது.

ஜியோஸ் பிளாப்பியிலிருந்து லோடு ஆவதால் பழைய ரோமுக்கு ஒன்றும் ஆகாது. பிடிக்காவிட்டால் பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால் பேசிக் வந்துவிடும். ஆனால் நாற்பது வருடப் பழைய ரோம் சிப்பைக் கழற்றி வேறு சிப் பொருத்தும் வேலையில் இறங்காதீர்கள். கால் ஒடிந்தால் போனது போனதுதான். அதற்கு முன் வைஸ் என்ற இலவச எமுலேட்டரை உங்கள் புதிய கம்ப்யூட்டரில் போட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் புதிய கம்ப்யூட்டருக்கும் இதே வரிசைதான். "இந்த சிஸ்டத்துக்கு மாறு" என்று யாராவது சொன்னால், உங்கள் வேலைக்கான புரோகிராம்கள் அதில் ஓடுமா என்று முதலில் கேளுங்கள்.