ஓடினவர் பேதையரோ?

காரைக்காலைச் சார்ந்த எம்மூராகிய நெரவிக்குக் கிழக்கே, கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகள் உள. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் பிற்பகல், சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்து, சுனாமி எச்சரிக்கை பிறந்தது. எமக்கு அப்போது ஆறு வயது. பட்டினச்சேரியிலிருந்து எம் அத்தை, கைக்குழந்தையும் ஒரு துணிமூட்டையுமாக எம் இல்லத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது நினைவில் நிற்கின்றது. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது; பேரலை எழவில்லை. மறுநாள் அவர் ஊர் திரும்பியபோது, இருந்த இடம் பெயராதார் அவரைக் கண்டு நகைத்தனராம். அந்நகைப்பு அறிவொடு பொருந்துமோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

நகைத்தாரிடத்தும் ஒரு நியாயம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நிலம் நடுங்கியதற்கும் அலை இக்கரையை அடைந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், எச்சரிப்பார் ஒருவருமிலர். நான்கு நாள் கழித்து, 30ஆம் நாளன்று, மத்திய உள்துறையின் எச்சரிக்கை கேட்டு மக்கள் உள்நாடு நோக்கி ஓடினர். அன்றோ அலை வரவில்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்த பின்னும் 2012இல் அவ்வாறே ஆயிற்று. புலி வருகிறதென்று கூவிய சிறுவன் கதை நினைவுக்கு வாராதோ? அன்றியும், வலையையும் படகையும் நோயுற்ற முதியோரையும் விட்டு ஓடுதல் எளிதன்று.

எனினும், ஒரு துணிபை அதன் விளைவுகொண்டு அளத்தல் பிழை. பாரன், எர்ஷி என்னும் ஆய்வாளர் இருவர் 1988இல் இதனைச் சோதித்து வெளியிட்டனர். வைத்தியர் ஒருவர் அறுவைக்குத் துணிந்த செய்தியைப் பலர்க்கும் கூறினர். அவர் அறிந்தவை யாவும் ஒன்றே. முடிவு மட்டும் வேறு. நோயாளி பிழைத்தான் எனின் வைத்தியரின் துணிபு நன்றென்றும், இறந்தான் எனின் தீதென்றும் கேட்டார் மதிப்பிட்டனர்!

2012இல் கடலடிப் பாறைகள் மேலெழாது பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவின. ஆதலின் பெருநீர் உயர்ந்தெழவில்லை. இதனைக் கரையில் நின்றார் எவரும் அப்பொழுது அறியார். அறியாது நின்று பிழைத்தவர் நல்லூழுடையார், அறிவுடையார் அல்லர். ஓடினார்க்கு நேர்ந்த இழப்பு ஒருநாள் வேலை. நின்றார் பணயம் வைத்ததோ உயிர். பத்து எச்சரிக்கையுள் ஒன்பது பொய்ப்பினும் கணக்கு ஓடினார் பக்கமே சாயும். நம் மொழியில் 'துணிவு' என்னும் சொல் முடிவுக்கும் அஞ்சாமைக்கும் பொதுவாய் நிற்பதும், ஓடியவனைத் துணிவிலி எனக் கொள்ள ஒருவாறு இடந்தருகிறது போலும்.

எச்சரிக்கையை நீக்குவோர் 'அபாயமில்லை' என்றளவில் நில்லாது, அலை எழாமைக்குக் காரணத்தையும் ஊரறியச் சொல்லவேண்டும் என்பது எம் கருத்து. காரணம் அறியாதவன் தான் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவான்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தையைக் கண்டோம். 2004இல் தம் தமையனாரை அலைக்குக் கொடுத்தவர் அவர். அவரே, இனி எச்சரிக்கை வந்தால் தாம் அசையப்போவதில்லை என்றார். யாம் மேற்கூறிய கணக்கையெல்லாம் விரித்துரைத்தோம். பொறுமையாய்க் கேட்டிருந்து, "அன்றைக்குச் சிரித்தவர்களிடம் இதைச் சொன்னாயா, தம்பி?" என்றார். யாம் சொல்லியிருக்கவில்லை.