சுருட்டி எடுத்துப் போகும் மேடை

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு, தூக்கிப்போய் மாட்டுகிற நாடக செட் செய்யலாம் என்றேன். "மாப்ள, ஆர்ட் டைரக்டர் ஆகப்போறியா?" என்று சிரித்தீர்கள். சிரிங்க.

ஆனால் இந்த டிசைன் நம்ம பக்கம் ஏற்கெனவே இருக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி கிராமப் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகக்காரர்கள் கொண்டுவரும் சீன் படுதாவைப் பாருங்கள். தர்பார், காடு, தெரு எல்லாமே வரைந்த துணி, கம்பில் சுருட்டியது. கயிற்றைத் தளர்த்தினால் காடு இறங்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்க இதுவே போதுமாக இருக்கிறது. இதில் இரும்பு ஃப்ரேமும் கீலும் சேர்த்துக் கனத்தைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாம் சேர்க்க வேண்டியது கணக்கு. காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். 20 அடிக்கு 10 அடி படுதாவை 110 கிலோவுக்கு மேல் தள்ளும்! பொட்டலில் காற்றை மறிக்க மரமும் கிடையாது. கரிசல் மண்ணோ கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், முளைக்குச்சி பிடிக்காது. உரச்சாக்கில் மண்ணை அள்ளி, இழுகயிற்றை அதில் கட்டணும். எத்தனை மூட்டை, எவ்வளவு தள்ளி? ப்ராஜெக்ட் அதைச் சொல்லட்டும். மூங்கிலும் ஆறடித் துண்டாக, பைப் சாக்கெட்டில் சேரணும். லோடு ஆட்டோவில் ஏறணுமே!

ரிப்போர்ட் பைண்டிங் ஆகி பீரோவில் தூங்குவதற்கு முன், செட் ஒரு ராத்திரி திருச்சுழிப் பக்கம் நிற்கட்டும். சீன் கட்டுகிற அண்ணன்தான் எக்ஸ்டர்னல். விடியிறவரைக்கும் சாயாம நின்னா பாஸ்.