பங்காளி என்று எப்போது எழுதுவீர்கள்?

ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் யாரும் ஒரு கட்டத்தை வரையக் கற்றுக்கொள்கிறார்கள். கட்டத்தில் நான்கு அறைகள். ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை. இரண்டும் உள்ளவரை நெருக்கமாகக் கவனி. அதிகாரம் மட்டும் உள்ளவரைத் திருப்தியாக வைத்திரு. அக்கறை மட்டும் உள்ளவருக்கு அவ்வப்போது தகவல் சொல். இரண்டும் இல்லாதவருக்காக அதிகம் மெனக்கெடாதே. மெண்டலோ என்பவரின் பெயரால் வழங்கும் இந்தக் கட்டத்தை வைத்து ஆட்களைக் கையாளுவதற்கு ‘ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்’ என்று பெயர்.

குருபரப்பள்ளி வட்டாரத்தில் நாம் வேலை செய்யும் காலனிகளிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஓசூரைத் தாண்டி பெங்களூரு நிறுவனங்களுக்குப் போகிறார்கள். நாளை இந்தக் கட்டத்தை வரையப்போவது நம் பிள்ளைகளும்தான். வரைவதற்கு முன் அவர்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதில் நம் அம்மா எந்த அறையில் இருக்கிறார்?

‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல்லுக்கு 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் ஒரு பொருள் சொன்னது. யாருடைய ஆதரவு இல்லாவிட்டால் ஒரு நிறுவனமே இல்லாமல் போகுமோ, அவர்களே ஸ்டேக்ஹோல்டர்கள் என்றது. 1984இல் எட்வர்ட் ஃப்ரீமன் அதை விரித்து, நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுகிறவர்களையும் சேர்த்தார். இந்த இரண்டில் எந்த அளவுகோலை வைத்தாலும் கக்கூஸ் கழுவுகிறவரும் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவரும் ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களும் முதல் வரிசையில் இருக்க வேண்டும். நடைமுறையில் முதல் வரிசை யாருக்கு? திட்டத்தை நிறுத்தும் பலம் உள்ளவருக்கு. யாருக்கு வலிக்கிறது என்பதைக் கட்டம் கேட்பதில்லை. யார் குரல் உயர்த்தினால் நமக்கு வலிக்கும் என்று மட்டுமே கேட்கிறது. ஊர்க் கூட்டத்தில் யார் திண்ணையில் உட்கார்வது, யார் எட்ட நிற்பது என்று முடிவு செய்த அதே கணக்குதான் இது.

இது வெறும் உவமை என்று நினைப்பவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த செயலியைப் பார்க்கட்டும். 2021 மே மாதம் ஒன்றிய அரசு என்.எம்.எம்.எஸ். என்ற வருகைப் பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகளைத் தவிர எல்லா வேலைத்தளங்களிலும் அது கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை, வேலைத்தளத்திலேயே படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையா? சர்வர் படுத்துவிட்டதா? மண் வெட்டிய நாள் கணக்கில் வராது. ஏரிக்கரையில் வெயிலில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் காலனிக்குப் போனாலும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பொருளாக இதைப் பாருங்கள். யாருடைய கூலி இதில் தொங்குகிறதோ, அவர்கள் கையில் இந்தச் செயலி இல்லை. பிழை வந்தால் திருத்தும் பொத்தானும் அவர்களிடம் இல்லை. திருட்டைத் தடுக்கிறோம் என்றார்கள். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக ஒப்புக்கொண்டது. திருடுகிறவர் வழி கண்டுபிடித்துவிட்டார். கூலிக்காரர் மட்டும் மாட்டிக்கொண்டார். இந்தச் செயலியை எதிர்த்துத் தொழிலாளர்கள் 2023இல் தில்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார வேண்டியிருந்தது. செயலியை வடிவமைக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கருத்தைச் சொல்ல அவ்வளவு தூரம் ரயிலேறினார்கள்.

அதே 2021இல் இன்னொன்றும் நடந்தது. இந்தத் திட்டத்தின் கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று மூன்று கணக்காகப் பிரித்து அனுப்பச் சொன்னது ஒன்றிய அரசு. ஒரே வரப்பில் நின்று வேலை செய்தவர்களுக்கு வேறு வேறு நாளில் கூலி ஏறியது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். அறைக்குள் நம்மில் ஒருவர் இருந்திருந்தால், சேரியையும் ஊரையும் ஒரு சாஃப்ட்வேரில் புதிதாகக் கட்டுகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

நிலத்திலும் இதே கதைதான். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுக்க 80 சதவீத பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்றது. நிலமே இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்தவரின் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றது. மாந்தோப்பில் காய் பறித்தவரும் தக்காளிக் கூடை சுமந்தவரும் முதல்முறையாகச் சட்டத்தின் கண்ணில் பட்டார்கள். அவர்களைத் தேடிக் கணக்கெடுக்கும் வேலைதான் சமூகத் தாக்க மதிப்பீடு.

தமிழ்நாடு என்ன செய்தது? 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும் அதே மாதம் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீடும் மறுவாழ்வும் பொருந்தும் என்கிறார்கள். மறுவாழ்வு யாருக்கு என்று கண்டுபிடிக்கும் ஆய்வை எடுத்துவிட்டு, யாருக்குக் கொடுப்பார்களாம்? பட்டா உள்ளவர் பெயர் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. நம் பெயர் எங்கே இருக்கிறது?

பட்டா உள்ளவர்கள் பாடே எளிதல்ல. சூளகிரிப் பக்கம் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்து 2023இல் மாதக்கணக்கில் காத்திருந்து போராடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் செய்யாறு அருகே மேல்மாவில் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் கிளம்பிய பிறகே திரும்பப் பெற்றார்கள். தகவல் சொல், திருப்திப்படுத்து என்ற இனிப்பெல்லாம் தீர்ந்ததும் ‘மேனேஜ்மென்ட்’ எந்த முகத்தைக் காட்டும் என்பது அங்கே தெரிந்தது. நிலம் உள்ளவருக்கே இந்தக் கதி என்றால் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு?

நமக்கு என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘பயனாளி’. கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதில் குடிநீர் எந்திரமும் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பும் வரும். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயனாளி கைநீட்டி வாங்குகிறவர். தமிழில் ‘பங்காளி’ என்று ஒரு சொல் இருக்கிறது. பங்காளி சண்டை போடுவார், கணக்குக் கேட்பார், அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் முடியாது. ஸ்டேக்ஹோல்டருக்குச் சரியான தமிழ் அதுதான். அந்த இடத்தில் நம்மை எழுதத்தான் அவர்களுக்குக் கை வரவில்லை.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலையும் முடியாது, வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பார்கள். சரி, வரிசைப்படுத்துங்கள். அதிகாரத்தை வைத்து அல்ல, இழப்பை வைத்து. தவறு நடந்தால் யாருக்கு ஒரு நாள் சோறு போகிறதோ, அவரை முதலில் எழுதுங்கள்.

எழுதுவார்கள் என்று காத்திருக்கவும் முடியாது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்ததாக அறிவித்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் மக்களும் இறங்கி நீரை அள்ளிக் குடிக்கும்வரை அது வெறும் காகிதம்.

மாணவத் தோழர்களே, நமக்கும் இறங்க வேண்டிய குளங்கள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுக் கருத்துக் கேட்பு நடந்தால் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் பின்னால் வரும் ஆலைகளுக்குத் தனிக் கருத்துக் கேட்பு கிடையாது. எனவே தொழிற்பேட்டைக்கு நடக்கும் கூட்டத்தை விட்டால் போச்சு. காலனியோடு போங்கள். யார் எத்தனை ஆண்டு யார் நிலத்தில் வேலை செய்தார்கள் என்ற பட்டியலை நாமே எடுத்து, கிராம சபையில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நிறுவனங்களுக்குள் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கட்டத்தில் ஐந்தாவதாக ஓர் அறை வரையுங்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில், விலை குறைந்த போனில் அந்தப் பொருளைச் சோதித்துப் பாருங்கள். சர்வர் படுத்தால் கூலி போகக் கூடாது, கூலி நிற்க வேண்டும் என்று அடிப்படை விதியை எழுதுங்கள். கூட்டத்தில் யாராவது ‘இவர்கள் ஸ்டேக்ஹோல்டர் இல்லையே’ என்றால், எழுந்து நின்று சொல்லுங்கள்: அவர்கள் என் வீட்டார்.

ஜெய்பீம்.