கடமையைக் கொடையாகக் கணக்கெழுதலாகாது

கம்பனிகளின் சமூகப் பொறுப்பைப் பற்றிக் கொழும்பில் கூட்டப்படும் மாநாடுகளிலே, பெருந்தோட்டத் துறைக்காகப் பேசுகிறவர்கள் யார் யார் என்று நோக்கினால், கம்பனித் தலைவர்கள், ஏற்றுமதியாளர்கள், தரச்சான்று வழங்கும் சர்வதேச ஸ்தாபனங்களின் பிரதிநிதிகள், ஆலோசகர்கள், தவறாமல் ஒரு மந்திரி என்று அந்த வரிசை அமைந்திருக்கும். தலையிலே கயிறு மாட்டி முதுகிலே கூடை சுமந்து, இடுப்பிலே படங்கு கட்டிக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் படம் அச்சிட்ட மலர்களை அலங்கரிக்கும். அவளைப் பேச அழைத்தார்கள் என்று கேள்விப்படுவது அரிது. பேசுகிறவர்கள் எடுத்துரைக்கும் காரியங்கள் பெரும்பாலும் நல்லவையே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக் காம்பராவுக்குப் புது வர்ணம் பூசியதையும், கண் சிகிச்சை முகாம் நடத்தியதையும், மலசலகூடம் கட்டியதையும், பிரசவத் தாய்மாருக்குச் சத்துணவு வழங்கியதையும் நாம் அற்பமென்று ஒதுக்கவில்லை. ஆனால், இக்காரியங்களில் பலவற்றைத் தரும காரியங்களாகப் பதிவு செய்து, அவற்றுக்காகப் பாராட்டும் பரிசும் பெறுவதற்குக் கம்பனிகளுக்கு நியாயம் உண்டா என்று கேட்கவேண்டியது அவசியமாகிறது. நியாயம் இல்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

தோட்டத்து ஜனங்களுக்கு மருந்தும் படிப்பும் அளிப்பது தோட்டத் துரைமாரின் கருணையால் வந்ததன்று. தோட்டங்களில் வைத்திய வசதி செய்யவேண்டுமென்று 1912ஆம் ஆண்டின் சட்டமும், தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவேண்டுமென்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கவேண்டுமென்று 1927ஆம் ஆண்டின் சட்டமும், பிரசவ சகாயம் அளிக்கவேண்டுமென்று 1939ஆம் ஆண்டின் சட்டமும் அக்காலத்திலேயே விதித்துவிட்டன. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட பிறகு இந்த மக்களுக்குத் தோட்டமே ஊரும் அரசாங்கமுமாக ஆயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்கூடத் தோட்டப் பகுதிக்குச் சபைப் பணம் செலவாக வழி வைக்கவில்லை; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. 1992இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தை 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது, தேயிலைச் செடிகளையும் தொழிற்சாலைகளையும் ஏற்றுக்கொண்டவர்கள், அங்கு வாழும் ஜனங்களையும் அவர்களுக்குரிய கடமைகளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கடமைகளில் ஒரு பகுதியை நிறைவேற்றியதை, பங்குச் சந்தைக்குச் சமர்ப்பிக்கும் வருடாந்த அறிக்கையிலே பளபளப்பான வர்ணப் படங்களோடு பரோபகாரமாக அச்சிடுவது முறையாகாது.

இவ்விஷயத்தில் அயல்நாடான இந்தியா நல்லதொரு வழியைக் காட்டியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தங்கள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 வீதத்தைச் சமூக காரியங்களுக்குச் செலவிடவேண்டுமென்று விதித்தது பலருக்கும் தெரிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாதது 2021இல் திருத்தப்பட்ட விதியாகும். வேறெந்தச் சட்டத்தின்படியும் செய்தே தீரவேண்டிய காரியத்தை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது; தம் ஊழியருக்குச் செய்யும் உதவியையும் சேர்க்கலாகாது; தம் சரக்குக்கு விளம்பரம் தேடும் செலவையும் சேர்க்கலாகாது என்று அந்த விதி திட்டவட்டமாகக் கூறுகிறது. இந்த உரைகல்லிலே நமது பெருந்தோட்டக் கம்பனிகளின் அறிக்கைகளை உரைத்துப் பார்த்தால் அவற்றில் எத்தனை பக்கம் மிஞ்சுமென்று வாசகர்களே சிந்தித்துக் கொள்ளலாம். இலங்கையில் இத்தகைய சட்டம் இல்லை. சட்டம் வரும்வரை காத்திராமல், கொழும்புப் பங்குச் சந்தையும், பரிசளிக்கும் இலங்கை வர்த்தக சம்மேளனமும், இந்த விதியைத் தாமாகவே மேற்கொள்ளலாம்; அதற்குத் தடையாக நிற்பது எதுவுமில்லை.

கம்பனியின் பொறுப்பு உண்மையிலே தெரியும் இடம் கொழுந்து நிறுக்கும் மடுவம். விடியற்காலையிலே பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, அட்டைக் கடியும் பனியும் பொறுத்து மலையேறிக் கொழுந்தெடுத்த பெண், பாரம் தாங்காமல் கழுத்தைச் சாய்த்தபடி மடுவத்தில் வரிசையில் நிற்கிறாள். கூடையைத் தராசில் மாட்டியவுடன் கூடைக்கென்று ஒரு கழிவு, இலையிலுள்ள ஈரத்துக்கென்று இன்னொரு கழிவு. மழைநாளில் கழிவும் கூடும். நிறையை வாசிக்கிறவரும் துண்டிலே எழுதுகிறவரும் நிர்வாகத்தின் ஆளேயன்றி அவளுடைய ஆள் அல்லர். ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 கிலோ என்று வேறுபடுகிறது. அந்த அளவுக்குச் சிறிது குறைந்தாலும் அரைப்பேர் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முழுநாள் மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் சம்பளம்! கழித்த கொழுந்தும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. தூளாகி ஏலத்துக்கும் போகிறது. வருஷத்தில் ஒருநாள் அவளுடைய கண்ணைப் பரிசோதிப்பதைக் காட்டிலும், அவள் கண்ணுக்குத் தெரியும்படி தராசைத் திருப்பி வைப்பது பெரிய தருமமென்று நாம் கருதுகிறோம். அதற்கு நன்கொடையாளரும் வேண்டியதில்லை, மாநாடும் வேண்டியதில்லை.

சம்பள விவகாரத்தின் வரலாறு கசப்பானது. 16 சத உயர்வு கேட்டு முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் போராடியபோது, 1940 ஜனவரி 10ஆம் திகதி தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபா நாட்சம்பளத்தைப் பிரகடனம் செய்ய, கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று நின்றது. வழக்காடுவது கம்பனிகளின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதே காலத்தில் சமூகப் பொறுப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்க வேண்டாமா? பின்னர் 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், நாட்சம்பளத்தை 1750 ரூபாவாக்குவதற்காக அந்த உயர்வில் ஒரு பகுதியாக அரசாங்கமே ஆளொன்றுக்கு நாளுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு தருவதாக அறிவித்தது. தனியார் கம்பனியில் உழைப்பவரின் கூலியில் ஒரு பங்கை நாட்டு மக்களின் வரிப்பணம் சுமக்கும் நிலை வந்துவிட்ட பின்பு, அந்தக் கம்பனிகளின் கணக்கைப் பகிரங்கமாகக் கேட்கும் உரிமையும் நாட்டுக்கு வந்துவிடுகிறது.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிக்கே போகிறது என்கிறார்கள், அது உண்மை. செடிகள் பல வயோதிகமானவை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த பிழையான முடிவு விளைச்சலை முறித்தது. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைச் சிறுதோட்டக்காரரே இன்று உற்பத்தி செய்கின்றனர். இந்தச் சங்கடங்களையெல்லாம் மாநாட்டு மேடையில் மறைக்காமல் சொல்லி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்து, எந்தக் கடமையை நிறைவேற்ற முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று விளக்குவார்களேயானால், அது புகழுரைகள் நூற்றுக்கும் மேலான பிரசங்கமாகும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பற்றியும் பேசியாகவேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையிலே 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அவ்விடம் அபாயகரமானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும், இன்னும் எத்தனை குடும்பங்கள் அபாயச் சரிவின் கீழே வாழ்கின்றன என்ற கேள்வியே மீண்டும் எழுந்தது. நிவாரண உலருணவுப் பொதிகளோடு கம்பனிகள் முன்வந்தால் நன்றி சொல்வோம். ஆனால், காணி அரசுக்கும் நிர்வாகம் கம்பனிக்கும் உரியதாயிருக்க, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொண்டே, நூற்றாண்டு கடந்த லயத்தில் வாழ்கிறவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி இல்லாமல் காலங்கடத்துவதை எந்தப் பொதியாலும் ஈடுசெய்ய முடியாது. எந்தத் தோட்டத்தில் எந்த லயம் அபாயத்தில் இருக்கிறது, அங்குள்ளவர்களுக்கு எங்கே, எப்போது காணி கிடைக்கும் என்று பெயர் குறித்து அறிவிப்பதே அடுத்த மாநாட்டின் முதற் பிரசங்கமாக இருக்கவேண்டும்.

அந்த மாநாட்டைக் கொழும்பு நட்சத்திர விடுதியில் கூட்டவேண்டாம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ கூட்டட்டும். பேச்சுகள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கட்டும். பேசுகிறவர்களில் பாதிப்பேராவது கொழுந்தெடுக்கும் பெண்களாயிருக்கட்டும். அவர்களைத் துரைமாரும் தெரிவு செய்யலாகாது, தொழிற்சங்கத் தலைவர்களும் தெரிவு செய்யலாகாது. தோட்டத்துப் பெண்களே இரகசிய வாக்களித்துத் தெரிந்தெடுக்கட்டும். பேசியதற்காகப் பிறகு எவரும் பழிவாங்கப்படமாட்டார் என்று கம்பனிகள் முன்கூட்டியே எழுத்தில் உறுதி தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பறிக்காமல் வேலைநாள் ஒன்றிலேயே அதைக் கூட்டி, வந்து பேசும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அன்றைய செக்ரோல் பதிவேட்டில் கிலோக் கணக்குக் கேளாமல் முழுப்பேர் போடவேண்டும்.