கையால் வரைந்த வாழ்த்துமடல்

வாழ்த்துவது தமிழர்தம் தொன்மையான பண்பு. மணமக்களைப் பதினாறு பேறும் பெற்று வாழ்க என்று பெரியோர் வாழ்த்துவர். தும்மிய குழந்தையையும் ‘நூறு வயது’ என்று தாய் வாழ்த்துவாள். ஆயினும், வாழ்த்தெல்லாம் ஒரு தன்மையன அல்ல. வாய் மட்டும் கூறும் வாழ்த்தும் உண்டு. நெஞ்சம் அறிந்து கூறும் வாழ்த்தும் உண்டு. வீட்டிலுள்ளார் ஒருவர்க்குப் பிறந்தநாள் வரும்போது, அவர்க்கென்றே கையால் ஒரு மடல் செய்து அளிக்கும் பழக்கம் இவ்விரண்டனுள் பின்னதைச் சேர்ந்தது. பழக்கம் சிறிது; பயனோ சிறிதன்று.

பிறந்தநாள் கொண்டாடுவதே பிறநாட்டார் வழக்கம் என்று கூறுவாரும் உளர். மெழுகுதிரியை ஊதி அணைத்தலும் கேக்கு வெட்டுதலும் மேலைநாட்டிலிருந்து வந்தவை என்பது உண்மையே. ஆனால், பிறந்தநாளைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் தன் புறத்திணையியலில் அரசனது பிறந்தநாள் விழாவைப் பெருமங்கலம் என்று குறிக்கிறது. அந்நாளில் அரசன் சினத்தை விலக்கி இருப்பான் என்பதும் அந்நூலால் அறியப்படும். முதலாம் இராசராசன் பிறந்த சதய நாளும், அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பிறந்த திருவாதிரை நாளும் கோயில்களில் விழா நாள்களாக விளங்கியதைச் சோழர் கல்வெட்டுகள் கூறும். அன்று அரசனுக்கு உரியதாக இருந்த சிறப்பு, இன்று வயலில் களை எடுக்கும் தாய்க்கும் ஆடு மேய்க்கும் பாட்டிக்கும் உரியதாகிறது. இது மரபின் தேய்வன்று, வளர்ச்சியே ஆகும்.

வாழ்த்தை அட்டையில் அச்சிட்டு விடுக்கும் வழக்கம் தோன்றிய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னி செலவில் நாடெங்கும் கடிதம் விடுக்கும் முறை வந்தது. கடிதங்கள் பெருகின. என்றி கோல் என்பார், கிறித்துமசு நாளில் தமக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே விடை எழுத நேரமின்றித் திகைத்தார். ஆர்சிலி என்னும் ஓவியரைக் கொண்டு படம் ஒன்று வரைவித்து, 1843ஆம் ஆண்டில் ஆயிரம் படிகள் அச்சிடுவித்தார். பெறுவோர் பெயரை எழுதவும் விடுப்போர் பெயரை எழுதவும் அதில் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. அதுவே விலைக்கு வந்த முதல் கிறித்துமசு வாழ்த்தட்டை என்பர். அச்சு வாழ்த்து நேரத்தைச் சுருக்குவதற்காகப் பிறந்தது என்பது இதனால் விளங்கும். பலர்க்கு ஒரே சொல்லைக் கூறுதற்கு அது நல்ல கருவி. ஒருவர்க்கே உரிய சொல்லைக் கூறுதற்கு அது போதாது.

தமிழ்நாட்டிலும் பொங்கல் வாழ்த்தட்டை ஒரு காலத்தில் வீடுதோறும் சென்றது. மார்கழி பிறந்ததும் கடைத்தெருவில் அட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவர். சிவகாசி அச்சகங்களில் உருவான அவ்வட்டைகளில் கரும்பும் பொங்கற்பானையும் காளையும் திரைப்பட நடிகர் முகமும் விளங்கின. கைப்பேசி பரவிய பின்னர் அவ்வழக்கம் அருகிவிட்டது. இன்று யாரோ ஒருவர் ஆக்கிய படத்தைப் பல்லாயிரவர் ஒரு விரலசைவில் பிறர்க்கு அனுப்பிவிடுகின்றனர். அனுப்புகிறவரும் அதனை முற்றப் படிப்பதில்லை, பெறுகிறவரும் படிப்பதில்லை. அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆனால், பெற்ற தாயின் பிறந்தநாளுக்கும் அதுவே போதும் என்று எண்ணுதல் தகுமா?

வாழ்த்தின் இலக்கணத்தை அறியத் தருமபுரி மாவட்ட மாணாக்கர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தருமபுரி பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்யும் கனி அஃது. அதனைத் தான் உண்ணாமலும், அதன் சிறப்பை எடுத்துக் கூறாமலும், ஔவையார்க்கு ஈந்தான். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு இச்செய்தியைக் காட்டுகிறது. பொன்னும் பொருளும் எப்புலவர்க்கும் கொடுக்கத்தக்கவை. நெல்லிக்கனியோ, தமிழ் வாழ ஔவையார் வாழவேண்டும் என்று எண்ணி அவர்க்கே அளித்தது. ‘நீடு வாழ்க’ என்பதை அதியமான் சொல்லாற் கூறவில்லை, செயலாற் கூறினான். பெறுபவரை அறிதல், அவர்க்கு ஏற்றதைத் தேர்தல், அதனைத் தன் கையால் அளித்தல் என்னும் மூன்றும் அமைந்ததே நல்ல வாழ்த்தாகும்.

இம்மூன்றனுள் அறிதலே முதலாவது. அதுவே அரியதும் ஆகும். பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் மாணவி ஒருத்தி, தன் பாட்டிக்குப் பிறந்தநாள் மடல் செய்ய விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டி பிறந்த நாள் யாது? அடையாள அட்டையில் ஒரு நாள் காணப்படும். அது யாரோ உத்தேசமாக எழுதியதாக இருக்கும். நாடு முழுமைக்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன்னர்ச் சிற்றூர்களில் பிறந்தோர் பலர்க்கு எழுத்துச் சான்று இல்லை. ஆதலின், பேத்தி பாட்டியையே வினவ வேண்டும்.

பாட்டி முதலில் நகைப்பாள். ‘எனக்கு ஏன் கண்ணு பிறந்தநாள்?’ என்பாள். பிறகு மெல்ல மெல்ல நினைவு கூர்வாள். ஏரி வறண்டு கிடந்த ஆண்டு என்பாள். களத்தில் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தபோது தன் தாய்க்கு நோவு கண்டது என்பாள். தனக்கு மூத்த குழந்தைகள் இரண்டு தவறிப்போனமையால், தன்னை ஊரே கூடிக் காத்தது என்பாள். ஒரு மாலைப்பொழுது இவ்வாறு கழியும். நாள் துல்லியமாகக் கிடைக்காமற் போகலாம். ஆயினும், பதினான்கு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் கேளாத வரலாற்றைப் பேத்தி அன்று கேட்டிருப்பாள். தாளை மடிக்கத் தொடங்கு முன்னரே மடலின் பயனில் பாதி கிட்டிவிட்டது எனலாம்.

அடுத்துத் தேர்தல் வேண்டும். பாட்டிக்கு எழுத்தறிவு இல்லையாயின், அச்சிட்ட அட்டையின் அழகிய வரிகள் அவளுக்குப் பயன்படா. அவள் நாள்தோறும் வாசலில் இடும் கோலத்தைப் புள்ளி பிசகாமல் மடலின் முகப்பில் வரையலாம். அவள் வளர்க்கும் வெள்ளாட்டை, அதன் காதிலுள்ள கரும்புள்ளியோடு வரையலாம். உள்ளே ஒரு கேழ்வரகுக் கதிரை உலர்த்தி ஒட்டலாம். தன் கோலத்தையும் தன் ஆட்டையும் தாளிற் காணும் பாட்டி, அதனைப் படித்துக் காட்ட யாரையும் அழைக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. புதுச்சட்டையினுள் வைத்து வரும் தடித்த அட்டையோ, பழைய நாட்காட்டியின் வெள்ளைப் பின்புறமோ போதும். மைதாமாவை நீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை கிடைக்கும். மஞ்சட்பொடியை நீரில் குழைத்தால் மஞ்சள் வண்ணமாம். அதனோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செவ்வண்ணமாம். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தோடு கூடும்போது சிவக்கிறது. ஆலத்தி நீர் சிவந்திருப்பதும் இக்காரணத்தினாலேயே. மஞ்சள் வண்ணம் வெயிலில் வெளிறும் இயல்புடையது. ஆதலின் மடலை நிழலில் உலர்த்துதல் நன்று. இலையையும் பூவையும் தாளில் பொதிந்து, கனத்த புத்தகத்தின் இடையே சில நாள் வைத்தால் ஈரம் நீங்கித் தட்டையாகும். நற்செய்தி தாங்கிய கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவி விடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தைப் பிறந்தநாள் மடலிலும் கைக்கொள்ளலாம்.

உடனுறைவோர்க்கு மட்டுமன்றி, பிரிந்திருப்போர்க்கும் இம்மடல் உதவும். தருமபுரி மாவட்டத்தில் மழையை நம்பிய நிலம் மிகுதி. விளைவு பொய்க்கும்போது பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்வோர் பலர். கட்டட வேலைக்குச் சென்ற தந்தையோடு அவர் பிறந்தநாளன்று மகன் கைப்பேசியிற் பேசலாம். அப்பேச்சு இனியதே, ஆனால், பேசி முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும். கையால் செய்த மடலோ தந்தையின் பையில் துணிகளுக்கிடையே தங்கும். உறக்கம் வாராத இரவில் எடுத்துப் பார்க்கத் துணையாகும். ‘நீங்கள் நட்ட மாங்கன்று இப்போது என் தோளளவு நிற்கிறது’ என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும். அவ்வரியை எந்த அச்சகமும் அச்சிட்டு விற்க இயலாது. இளைய தங்கையின் கையில் மஞ்சள் பூசிப் பதித்த தடம் ஒன்று இருந்தால், அவள் எவ்வளவு வளர்ந்தாள் என்பதைத் தந்தை தம் உள்ளங்கையை வைத்தே அளந்துகொள்வார்.

பிரிவிலே எழுந்த பிறந்தநாள் வாழ்த்து ஒன்று உலகறிந்த நூலுக்கு வித்தாயிற்று. அலகாபாத்தை அடுத்த நைனிச் சிறையில் இருந்த சவகர்லால் நேரு, 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், தம் மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறையிலிருப்பவர் கடைக்குச் சென்று பரிசு வாங்குதல் ஏது? ஆகவே, தம் எண்ணங்களையே பரிசாக்கினார். அதனைத் தொடர்ந்து 1933ஆம் ஆண்டு வரையில் சிறைவாழ்வில் அவர் எழுதிய கடிதங்கள், 1934ஆம் ஆண்டில் உலக வரலாறு கூறும் பெருநூலாக வெளிவந்தன. கையில் பொருள் இல்லாமை வாழ்த்துக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தருமபுரி மாவட்டத்தில் இப்பழக்கத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பெண்மகவு பிறந்தது கேட்டு முகம் வாடும் கொடுமை, இப்பகுதியின் சில இடங்களில் உயிர்க்கொலையாகவே முற்றியிருந்த காலம் ஒன்று உண்டு. அம்மகவுகளைக் காக்கும்பொருட்டு அரசு 1992ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001ஆம் ஆண்டில் தருமபுரிக்கும் அதனை விரித்தது. சட்டமும் திட்டமும் உயிரைக் காக்கும்; உள்ளத்தை மாற்றுவது வீட்டின் கடமை. மகன் பிறந்தநாளுக்குப் புத்தாடை எடுத்து, மகள் பிறந்தநாளை மறந்துவிடும் வீடுகள் இன்றும் இல்லாமற் போகவில்லை. அத்தகைய வீட்டில் ஒரு சிறுவன், ‘அக்கா, நீ பிறந்த நாள் நம் வீட்டிற்கு நல்ல நாள்’ என்று தன் கையால் எழுதி, எல்லாரும் காணத் தமக்கையிடம் கொடுப்பானாயின், அது விளையாட்டுச் செயலன்று, அறச்செயல். அதனைக் காணும் பெரியோரும் சிறிது நாணுவர்; பின்னர் மகிழ்வர்.

கையால் செய்தது கோணலாக இருக்குமே, கடையில் வாங்கியது போல் அழகாக இராதே எனச் சிலர் தயங்கலாம். கோடு சற்றே வளைந்திருப்பதும், எழுத்து வரியை விட்டு இறங்குவதும் உண்மையே. ஆனால், குழந்தையின் மழலையைத் திருத்தமற்றது என்று எந்தத் தாய் வெறுத்தாள்? அக்கோணல், செய்த கை இன்னார் கை என்று காட்டும் முத்திரையாகும். பாடம் படிக்கவே நேரம் போதவில்லை என்பார்க்கும் விடை எளிது. வீட்டில் ஐவர் இருப்பின், ஆண்டொன்றுக்கு ஐந்து மாலைப்பொழுதே இதற்கு வேண்டும். கைப்பேசித் திரையின்முன் கழியும் பொழுதில் இது எத்தனையில் ஒரு பங்கு என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. மடல் அன்பின் அடையாளமே அன்றி, அன்புக்கு மாற்றன்று. தாய்க்கு வண்ணமடல் அளித்துவிட்டு, அவள் தலையில் நீர்க்குடம் சுமந்து வருவதை வாளா பார்த்திருப்பவன் வாழ்த்தியவன் ஆகான். பிறர் புகழ்வதற்காக மடல் செய்து ஊரெல்லாம் காட்டித் திரிவதும் வீண். பண்டை அரசன் தன் பிறந்தநாளில் சினத்தை விலக்கினான் அன்றோ? உடன்பிறந்தாரோடு பேசாதிருக்கும் மாணாக்கன், அவர் பிறந்தநாளில் தானே முன்சென்று ஒரு மடலை நீட்டுவானாயின், இரண்டு திங்கள் பிணக்கு இரண்டு நொடியில் தீரும்.

நெல்லிக்கனி ஒன்றுதான், அதனை உண்டவரும் ஒருவர்தாம். ஆயினும், தகடூரின் அரண்களும் படைகளும் மறைந்த பின்னரும், அக்கனியின் பேச்சு தமிழுள்ளளவும் மறையாமல் நிற்கிறது. ஒருவர்க்கென்றே எண்ணி அளித்த பொருளுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு. ஆதலின், தாயின் பிறந்தநாள் யாது, தந்தை விரும்பும் மரம் யாது, பாட்டி இடும் கோலம் யாது என்று மாணாக்கர் இன்றே கேட்டறிதல் வேண்டும். அறிந்தபின் ஒரு தாளை மடித்து வண்ணம் குழைத்தல் வேண்டும். அரிய செல்வம் அவர்கள் கையில் இல்லாமற் போகலாம். ஆனால், அன்புடையார் மகிழ்ந்து போற்றும் மடல் ஒன்றைச் செய்யும் ஆற்றல் எல்லார் கையிலும் உண்டு.